கடல் அடிக்கிற மாதத்தில் நத்தார்: கையால் செய்து கொடுக்க என்ன இருக்கிறது?

முல்லைத்தீவுக் கரையோரச் சிலாவத்தையில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "கடல் அடிக்கிறதால இவருக்குத் தொழில் இல்லை. ரெண்டு பிள்ளையள். அவைக்கு உடுப்பு எடுத்ததோட கையில ஒண்டும் மிச்சமில்லை. பக்கத்தில ஏழு வீடு இருக்கு, நத்தாருக்கு எல்லாருக்கும் ஏதாவது குடுக்கோணும். வீட்டிலயே என்ன செய்யலாம்? எங்களை விடக் கஷ்டப்படுற சனமும் இருக்கு. அவையின்ர மனம் நோகாமல் எப்பிடிக் குடுக்கிறது?"

தங்கச்சி, கை வறண்டு போச்சே என்று நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. வன்னியில் நத்தார் வருகிற காலமே அப்படிப்பட்டது. கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று எழும்பினால் கொக்கிளாயில் இருந்து சாலை என்ற ஊர் வரைக்கும் வள்ளம் இறக்க முடியாத நாட்கள்தான் கூட. வயல்காரரைப் பாருங்கள். உழவு, விதைநெல், பசளை என்று காசு முழுக்க வயலுக்குள் போயிருக்கும். காலபோக நெல் மார்கழியில் பச்சையாகத்தான் நிற்கும். அரிவு வெட்டு தை, மாசியில். பொங்கல் புது நெல்லோடு வருகிறது. நத்தார் அதற்கு மூன்று கிழமை முந்தியே வந்துவிடுகிறது. அதனால் எங்கள் வேதக்கார (கிறிஸ்தவ) வீடுகளில் நத்தார்ப் பரிசு என்பது பலகாலமாக அடுப்படியிலும் திண்ணையிலும் செய்ததுதான். கடையில் வாங்கி, மினுங்கும் தாளில் சுற்றிக் கொடுப்பது பிறகு வந்த பழக்கம்.

நான் பரந்தன் பக்கத்தில் பிறந்தவள். முப்பது வருடம் கிளிநொச்சி மாவட்டப் பள்ளிக்கூடங்களில் படிப்பித்தேன். பங்கில் அயல் வீடுகள் சேர்ந்த குழுவான எங்கள் அன்பியத்தில் நத்தார் வேலைகளைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். அந்த அனுபவத்தில் முதலில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: நத்தாருக்கென்று நுண்கடன் எடுக்காதீர்கள். கேக் வெட்டி முடித்த அடுத்த கிழமையே தவணை கேட்டு வாசலில் வந்து நிற்பார்கள். அந்த மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் வளவுக்குப் பின்னால் போய் ஒளிக்கிற தாய்மாரைக் கண்டிருக்கிறேன். பிள்ளைகளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

இனி அடுப்படிக்கு வருவோம். ஏழு வீட்டுக்கும் கொடுக்க எள்ளுருண்டை செய்யுங்கள். மழைக்காலத்தில் அதை மிஞ்ச ஒன்றில்லை. முறுக்கும் சிப்பிப் பலகாரமும் வாடையில் இரண்டாம் நாளே நமுத்துப்போகும், எண்ணெயும் குடிக்கும். எள்ளுருண்டைக்கு எண்ணெயே தேவையில்லை. இடிக்க இடிக்க எள்ளில் இருந்தே எண்ணெய் கசிந்து உருண்டையைப் பிடித்துக்கொள்ளும். அரைக் கிலோ எள்ளை மண் போக அரித்து, துணியில் பரவி ஈரம் போக விடுங்கள். வெயில் இல்லையென்றால் ஓரிரவு அடுப்புக்குப் பக்கத்தில் கிடக்கட்டும். பிறகு வெறும் தாச்சியில், குறைந்த நெருப்பில் வறுக்க வேண்டும். எள்ளு படபடவென்று வெடித்து வாசம் வந்த உடனே இறக்கிவிடுங்கள். ஒரு நிமிடம் கூடினாலும் கைத்துப்போகும். ஆறியதும் உரலில் போட்டு, பாதி இடிபட்டதும் 300 கிராம் சர்க்கரையோ பனங்கட்டியோ தட்டிப் போட்டு, ஒரு கிள்ளு உப்பும் சேர்த்து, கையில் பிடித்தால் நிற்கிற பதம் வரும் வரைக்கும் இடியுங்கள். மிக்சியில் அடித்தால் சூடேறி எண்ணெய் தனியாகப் பிரியும். உரல் இருந்தால் உரலே நல்லது. சின்னத் தேசிக்காய் அளவுக்குப் பிடித்தால் முப்பதுக்கு மேல் வரும். வீட்டுக்கு நாலு என்று ஏழு வீட்டுக்கும் கொடுத்தாலும் பிள்ளைகளுக்கு மிஞ்சும். காற்றுப் போகாத போத்தலில் இரண்டு கிழமை இருக்கும். ஆகவே 24ஆம் தேதி இரவு அந்தரப்படாமல் முந்திய கிழமையே செய்து வைக்கலாம்.

இன்னொன்றும் வேண்டுமென்றால் பயற்றம் உருண்டை. அரைக் கிலோ பயற்றை வறுத்து மில்லில் கொடுத்து அரைப்பியுங்கள். ஒரு பாதித் தேங்காயின் பூவை ஈரம் முழுக்கப் போய்ப் பொன்னிறம் வரும் வரைக்கும் வறுக்க வேண்டும். இந்த இடத்தில்தான் அதிகம் பேர் பிழை விடுகிறார்கள். தேங்காய்ப்பூவில் ஈரம் நின்றால் மூன்றாம் நாள் சிக்கு மணம் வந்துவிடும். மிளகு, நற்சீரகம், ஏலக்காய் தூளாக்கிப் போட்டு, 350 கிராம் சீனியைப் பாகு காய்ச்சி, சூட்டோடு விட்டுக் குழைத்து உருட்டுங்கள். அதை மஞ்சள் கலந்த அரிசிமாக் கரைசலில் தோய்த்துப் பொரித்தால் பயற்றம் பணியாரம். எண்ணெய் விற்கிற விலையில் பொரிக்காமலே கொடுக்கலாம், ருசியில் குறையில்லை. இதை 23ஆம் தேதி செய்தால் போதும்.

கேக் இல்லாத நத்தாரா என்று பிள்ளைகள் கேட்பார்கள். அவர்களுக்காக ஒரு சின்னக் கேக் போடுங்கள். அவண் வேண்டாம். அடி தடித்த பெரிய சட்டியில் ஓர் அங்குலம் ஆற்றுமணல் போட்டுச் சூடாக்கி, அதன்மேல் கேக் தட்டை வைத்து மூடி, மூடிக்கு மேல் சிரட்டைக் கரித் தணலைப் பரவினால் மேலும் கீழும் ஒரே சூட்டில் வேகும். பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்கள் அம்மா அப்படித்தான் கேக் போட்டார்.

சைவ வீடுகளுக்கு அனுப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். கேக்கில் முட்டை இருக்கிறது. மார்கழியில் பிள்ளையார் கதை, திருவெம்பாவை என்று விரதம் இருக்கிற வீடுகள் இருக்கும். அந்த வீடுகளுக்கு எள்ளுருண்டையும் ஒரு சீப்பு வாழைப்பழமும் போதும். அதையும் மீன் வெட்டாத நேரத்தில், குளித்துவிட்டுச் செய்ததாக இருந்தால் அந்த வீட்டு அம்மா மனம் நிறைந்து வாங்குவா. சொல்லாமலே அவவுக்கு விளங்கும். தை பிறந்ததும் அந்த வீட்டில் இருந்து பொங்கல் வரும்.

எதில் வைத்துக் கொடுப்பது? பொலித்தீன் பையில் கட்டிக் கொடுக்காதீர்கள். பனங்கட்டி வருகிற குட்டான் தெரியும்தானே, அந்த அளவில் பனையோலையில் சின்னப் பெட்டி இழைத்தால் அதுவே ஒரு பரிசு. ஓலை இழைக்கத் தெரியாவிட்டால் வீட்டில் இருக்கிற கோப்பையிலேயே வைத்து, மேலே ஒரு துண்டு வாழையிலை மூடி அனுப்புங்கள். கோப்பை என்றதும்தான் நான் உங்களுடைய இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எனக்கு அதுதான் பெரிய கேள்வி.

எங்கள் ஊர்களில் அயல் வீட்டில் இருந்து வந்த கோப்பையை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. கொஞ்சம் சீனி, ரெண்டு முட்டை, ஒரு பிடி முருங்கையிலை, ஒன்றுமே இல்லையென்றால் ஒரு செவ்வரத்தம்பூவாவது வைத்துத்தான் அனுப்புவோம். வாங்கினவரும் கொடுக்கிறவராகிற இடம் அது. வன்னிச் சனத்துக்கு அந்த இடத்தை வைத்துக் கொடுப்பது இன்னும் முக்கியம். ஏனென்றால் நாங்கள் வாங்கியே களைத்த சனம். 1990களில் இருந்து இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து நிவாரண அட்டையோடு சங்கக்கடை வாசலில் நின்றோம். 2009இல் செட்டிகுளத்து முகாம்களில் தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் வரிசையில் நின்றோம். மீளக் குடியேறிய பிறகு தகரத்துக்கும் வாளிக்கும் பெயர் பதிந்து, கையெழுத்து வைத்து, பொதியைப் பிடித்தபடி படத்துக்கு நின்றோம். அந்த உதவி இல்லாவிட்டால் உயிர் தப்பியிருக்க மாட்டோம். அதை நான் மறக்கவில்லை. ஆனாலும் ஒரு பொதியை நீட்டி ஒருவர் படம் எடுக்கும்போது, வாங்குகிறவருடைய கண் எங்கே பார்க்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? நிலத்தைப் பார்க்கும்.

அந்த 2009 நத்தாருக்கு நாங்களும் முகாமில்தான் இருந்தோம். பக்கத்துக் கூடாரத்தில் இருந்த ஒரு வயது போன அம்மா, பால்மாப் பெட்டிக்குள் இருக்கிற வெள்ளித்தாளைச் சேர்த்து வைத்து, அதில் நட்சத்திரம் வெட்டி, எங்கள் கூடார வாசலில் நூலில் கட்டிவிட்டுப் போனா. அவவுடைய வீட்டில் நாலு பேர் இல்லாமல் போயிருந்தார்கள். என்ன திருப்பிக் கொடுப்பது என்று யோசித்து, கடைசியில் அவவுடைய தலைக்கு எண்ணெய் வைத்துச் சிக்கெடுத்து இழுத்துவிட்டேன். அரை மணித்தியாலம் ரெண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ நத்தார் வந்து போய்விட்டது. எனக்குக் கிடைத்த பரிசு எது என்று கேட்டால் அந்த வெள்ளித்தாள்தான்.

ஆகவே உங்களை விடக் கஷ்டப்படுகிற வீட்டுக்குப் பொதி கொண்டுபோகாதீர்கள், வேலை கொண்டுபோங்கள். "அம்மா, எள்ளு கொஞ்சம் கூடிப்போச்சு. எனக்குத் தனிய இடிக்க ஏலாது. உங்கட உரலில இடிப்பமே? பாதி உங்களுக்கு." இப்படிக் கேட்டுப் பாருங்கள். அவ உங்களுக்கு உதவி செய்தவவாக நிமிர்ந்து நிற்பா, உருண்டையும் அவவின் வீட்டில் இருக்கும். புருஷனை இழந்த ஒரு அக்காவுக்கு ஓலை இழைக்கத் தெரிந்தால், "பிள்ளையளுக்குப் பழக்கிவிடுங்கோ" என்று உங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். படிப்பித்தவவுக்குக் கொடுக்கிறது சம்பளம். அது பிச்சையாகாது.

அப்படிக் கேட்க முடியாத வீடும் இருக்கும். படுக்கையில் கிடக்கிறவர், வாய் திறந்து கேட்கவே மாட்டாதவர். அங்கே இருட்டின பிறகு போய் வைத்துவிட்டு வாருங்கள். நத்தார் தாத்தாவின் கதையே இதில் இருந்துதான் வந்தது. நிக்கலஸ் என்ற ஆயர், இப்போது துருக்கியில் இருக்கிற மீரா என்ற ஊரில் இருந்தவர். மூன்று பெண்பிள்ளைகளுக்குச் சீதனம் கொடுக்க வழியில்லாமல் தவித்த ஒரு தகப்பனுடைய வீட்டுக்குள், இராத்திரியில் யன்னலால் பொன் முடிச்சை எறிந்துவிட்டுப் போனார் என்பது அவரைப் பற்றிய மரபுக் கதை. சீதனத்தின் பாரம் எங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவருடைய திருநாள் டிசம்பர் 6. எங்கள் அன்பியத்தில் அன்று வீட்டுக்கு ஒரு சுண்டு அரிசி சேர்க்கத் தொடங்குவோம். எந்த வீட்டுக்குப் போகிறது என்பது கொண்டுபோகிற ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

காசே இல்லாமல் செய்யக்கூடிய உதவி மார்கழியில் நிறைய இருக்கிறது, எல்லாம் மழையோடு வருகிறது. ஒழுகுகிற கூரைக்கு நாலு கிடுகு மாற்றிக் கட்ட ரெண்டு பெடியளுக்கு ஒரு காலைப்பொழுது போதும். தனிய இருக்கிற கிழவியின் வளவில் தண்ணீர் ஓட ஒரு வாய்க்கால் வெட்டிவிடலாம், காய்ந்த விறகு ஒரு கட்டு கொண்டுபோய்க் கொடுக்கலாம். மழைக்காலத்தில் காய்ந்த விறகு என்ன விலை பெறும் என்பது அடுப்பு ஊதுகிறவளுக்குத் தெரியும். 2018இல் நத்தாருக்கு மூன்று நாலு நாள் இருக்கும்போது பெருமழை பெய்து, இரணைமடுக் குளத்தின் கதவுகளைத் திறந்து, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததே, நினைவிருக்கிறதா? சனம் பள்ளிக்கூடங்களில் இருந்தது. அந்த வருடம் பலகாரத்துக்கு நனைத்து வைத்த அரிசியைச் சோறாக்கிக் கொண்டுபோன வீடுகள் எங்கள் பக்கத்தில் இருந்தன. சைவ வீட்டுப் பெடியள் உழவு இயந்திரத்தில் சாப்பாடு ஏற்றி இறக்கினார்கள். வெள்ளம் வற்றியதும் வீட்டுக்குள் நின்ற சேற்றை வாரித் தள்ளி, கிணறு இறைத்துக் கொடுத்தார்கள். அதைவிடப் பெரிய நத்தார்ப் பரிசை நான் கண்டதில்லை.

மழை இருக்கும்போதே கன்று கொடுங்கள். முருங்கைத் தடி, கறிவேப்பிலைக் கன்று, மிளகாய் நாற்று எதுவானாலும் ஒரு பால்மாப் பையில் மண் போட்டு நட்டுக் கொடுக்கலாம். முருங்கைத் தடியைத் தண்ணீர் நிற்காத மேட்டில் ஊன்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அழுகிவிடும். பயற்றங்காய், வெண்டி, பாகல் விதைகளைத் தாளில் மடித்துப் பெயர் எழுதிக் கொடுத்தால் அது அடுத்த வருடமும் விதை கொடுக்கும்.

பிள்ளைகளுக்கு வேலை கொடுத்தால்தான் அவர்களுக்கு நத்தார். குடில் கட்டுவதை முழுக்க அவர்களிடம் விடுங்கள். புனித பிரான்சிஸ் அசிசியார் 1223இல் இத்தாலியில் கிரேச்சியோ என்ற மலைக் கிராமத்தில் உயிருள்ள மாட்டையும் வைக்கோலையும் வைத்து முதல் குடிலைக் கட்டினார் என்று மறைக்கல்வியில் படித்திருப்பார்கள். எங்கள் குடிலுக்குக் குளத்துக் களிமண்ணில் மாடும் ஆடும் பிடிக்கலாம். கரித்தூளும் பசையும் பூசிக் கசக்கின சீமெந்துப் பையில் மலை வரும். குடிலுக்கு முன்னால் வயல் வேண்டுமென்றால் டிசம்பர் 14, 15 வாக்கில் சிரட்டைகளில் மண் போட்டு நெல்லோ குரக்கனோ தூவி விடுங்கள். நத்தாருக்குப் பச்சைப்பசேலென்று நிற்கும். கடையில் வாங்கின பிளாஸ்ரிக் புல்லைக் கொண்டுவந்து வைக்கிற வீடுகளைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். வயல்நாட்டில் பிறந்த பாலனுக்கு எதற்குப் பிளாஸ்ரிக் புல்?

ஓலை நட்சத்திரமும் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். குருத்தோலையை ஈர்க்கு நீக்கி, அரை அங்குல அகலத்தில், ஒன்றரை அடி நீளத்தில் நாலு வாராக வாருங்கள். நாலையும் நடுவில் மடித்து ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்து இறுக்கினால் சதுரம் வரும். பிறகு ஒவ்வொரு நுனியையும் முக்கோணமாக மடித்துப் பக்கத்து மடிப்புக்குள் செருகிக்கொண்டு போனால் நட்சத்திரம் விரியும். குருத்தோலை ஞாயிறுக்குச் சிலுவை பின்னுகிற கைக்கு இது அரை மணித்தியால வேலை. ஓலை காய்ந்துபோயிருந்தால் தண்ணீரில் ஊறவைத்து எடுங்கள், ஒடியாது.

பள்ளிக்கூடத்தில் நான் ஒன்று செய்தேன், வீடுகளுக்கிடையிலும் செய்யலாம். திருவருகைக் காலத்தின் முதல் கிழமையில் சீட்டுக் குலுக்கி, ஒவ்வொரு பிள்ளைக்கும் இன்னொரு பிள்ளையின் பெயர் வரும். நத்தார் வரைக்கும் அந்தப் பிள்ளைக்குத் தெரியாமல் ஏதாவது நல்லது செய்ய வேண்டும்; காசு கொடுத்து எதையும் வாங்கக்கூடாது. ஒரு வருடம் ஒரு பெடியன் இன்னொருவனுடைய சைக்கிளுக்கு நாள் தவறாமல் காற்று அடித்து வைத்தான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். யார் செய்தது என்று தெரிந்த நாளில் ரெண்டு பேரும் அழுதுவிட்டார்கள்.

இனிச் சொல்வது கொஞ்சம் கனமானது, ஆனால் வன்னி நத்தாரைப் பற்றி எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் தாய்மார் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் பிள்ளைகளைக் கேட்டுப் போராடத் தெருவோரம் உட்கார்ந்தவர்களில் பலர் பிள்ளையைக் காணாமலே கண்ணை மூடிவிட்டார்கள். அப்படியான ஒரு தாயின் வீட்டுக்கு நத்தாரன்று போகும்போது, வாசலில் நின்று வாழ்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பாதீர்கள். உள்ளே போய் இருங்கள். அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: சின்னனில் நத்தாருக்கு என்ன கேட்பான், எந்தப் பலகாரம் பிடிக்கும் என்று. புண்ணைக் கிளறுகிறோமோ என்று எல்லோரும் பயந்து அந்தப் பெயரையே சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அந்தப் பெயரை இன்னொருவர் வாயால் கேட்க அவ ஏங்கிப் போயிருக்கிறா. அவ சொல்கிற பலகாரத்தைக் கேட்டு வைத்து, அடுத்த வருடம் அதையே செய்து கொண்டுபோங்கள்.

வெடி கொளுத்தாமல் இருங்கள். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வரும்போது பெடியளுக்கு ஆசையாகத்தான் இருக்கும். ஷெல்லடிக்குள் இருந்து வந்தவர்கள் இன்னும் அந்தச் சத்தத்துக்கு நடுங்கிக் கட்டிலுக்குக் கீழே போகிறார்கள். பெடியளைக் கூப்பிட்டு இதைச் சொன்னால் கேட்பார்கள். எங்கள் பங்கில் கேட்டார்கள். அந்தக் காசுக்கு மெழுகுதிரி வாங்கி வீதியோரம் ஏற்றினார்கள்.

26ஆம் தேதி உங்களுக்கு என்ன நாள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2004இல் நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, கடல் முல்லைத்தீவுக் கரையை வாரிக்கொண்டு போனது. நத்தார் உடுப்போடு பிள்ளைகள் போனார்கள். அந்த வீடுகளில் 25ஆம் தேதியும் முழுச் சந்தோசம் இருக்காது, ஆகவே அவர்களுக்கான குட்டானை 24 பின்னேரமே கொடுத்துவிடுங்கள். பிள்ளைகள் செய்த ஓலை நட்சத்திரங்களில் சிலதை எடுத்து வையுங்கள். 26 விடியத் தேத்தண்ணி ஊற்றிப் பிளாஸ்கில் நிரப்பி, கோப்பைகளோடு அவர்களுக்குப் பின்னால் நினைவிடத்துக்குப் போங்கள். சின்னப் பிள்ளைகளின் படங்களுக்குப் பக்கத்தில் நட்சத்திரத்தை உங்கள் பிள்ளைகள் வைக்கட்டும். 9.25க்கு மௌன அஞ்சலிக்கு எல்லோரும் எழும்பி நிற்பார்கள். அது முடிந்து அவர்கள் நிலத்தில் இருந்த பிறகு தேத்தண்ணியை ஊற்றிக் கொடுங்கள், சீனி கொஞ்சம் கூடவாக.